இரண்டாந்தரம் வாங்கிய புட்டு

நீலக் கரையிட்ட பீங்கான் தட்டு ஒன்று. எங்கள் வீட்டு வழக்கில் அதனைக் கோப்பை என்போம். அதன் விளிம்பில் அரிசியளவு ஒரு சில்லு உடைந்திருக்கும். வெள்ளவத்தையில், கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் அக்கா வாடகைக்கு இருந்த மேல்மாடி வீட்டில், எனக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த தட்டு அது. வேறெவருக்கும் அதில் பரிமாறப்படுவதில்லை. பொறுப்பான பதவியில் இருக்கும் தம்பிக்கு உடைந்த தட்டை வைப்பது என்ன மரியாதை என்று ஒருமுறை நான் கேட்டதுண்டு. "உடைஞ்ச கோப்பை எண்டாத்தான் மற்றதுகளோட மாறுப்படாது" என்றார் அக்கா. அந்தத் தட்டு என்னைப் பற்றிய எத்தனையோ செய்திகளை அக்காவுக்கு அறிவித்துக்கொண்டிருந்தது என்பதை நான் அப்போது அறியவில்லை. ஆய்வுகூட முடிவுகளை உரிய நேரத்துக்கு முன் வாய்திறந்து சொல்லாதவன் என்று பெயரெடுத்தவன் நான். அந்தப் பெயருக்கு என் பணிக்காலத்தில் ஒரேயொரு முறைதான் பங்கம் வர இருந்தது. அதற்கும் காரணம் என் வாயல்ல, வயிறு.

போர்க்காலம் அது. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் முதுநிலை ஆய்வு அலுவலராக இருந்தேன். எந்த ஆய்வுகூடம் என்று சொல்ல வேண்டியதில்லை. என்னோடு பணியாற்றியவர்கள் அறிவார்கள், ஏனையோருக்கு அவசியமில்லை. நோயுற்ற இருதயங்களின் தசையில் வைரஸ் தொற்று இருந்ததா என்று கண்டறிவது எங்கள் பிரிவின் பணி. இருதயம் பெருத்து, சுவர் தளர்ந்து, அழுத்திப் பாய்ச்சும் வலுவை இழந்துபோகும் வருத்தம் ஒன்றுண்டு. சிலருக்கு அது பரம்பரையாக வரும். வேறு சிலருக்கு, சாதாரணத் தடிமன் காய்ச்சல்போல வந்துபோன ஒரு வைரஸ் இருதயத் தசைக்குள் குடிபுகுந்து விட்டுச்சென்ற சேதமாக இருக்கும். இன்னாருக்கு இன்ன காரணம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. மருத்துவர்கள் எடுத்து மெழுகிற் பதித்துவைத்த தசைத் துண்டைச் சீவி, மெழுகைக் கரைத்து நீக்கி, உள்ளே வைரஸின் மரபுப்பொருள் ஏதும் எஞ்சியிருந்தால் அதனை ஓர் இயந்திரத்தால் பல மடங்கு பெருக்கி, புறஊதா ஒளியில் ஒளிரும் ஒரு கோடாகக் காண வேண்டும். கோடு தெரிந்தால் வைரஸின் சுவடு உண்டு. இங்கே நான் சில வசனங்களில் எழுதிவிட்டேன். மின்வெட்டுக் காலத்தில், சூடாகிக் குளிர்ந்துகொண்டிருந்த அந்த இயந்திரம் பாதியில் நின்றுவிடும்போதெல்லாம் நாங்கள் முதலிலிருந்து தொடங்கினோம். அப்போது எங்கள் பணிப்பாளர் உச்சரித்த சொற்களை இங்கே எழுத என் வளர்ப்பு இடந்தராது.

அந்த மெழுகுக் கட்டிகளுள் ஒன்று அக்காவின் கணவரான அத்தானுடையது. அத்தான் ஓர் அரசாங்கக் கந்தோரில் பிரதம இலிகிதராக இருந்தவர். மாலைதோறும் கடற்கரைத் தண்டவாளத்தின் ஓரமாகத் தெஹிவளை வரை நடந்து திரும்புவார். ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது, மாறியது. பிறகு படியேற மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரு சிறு துண்டை ஆய்வுக்காக வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவர்கள் கேட்டபோது அக்கா உடனே சம்மதித்தார். "வைச்சுப் பாருங்கோ. என்ன நடந்ததெண்டு ஆருக்கெண்டாலும் தெரியத்தானே வேணும்" என்றார். தொதல் என்னும் இனிப்பின் துண்டளவு மெழுகுக்குள் அத்தான் எங்கள் ஆய்வுகூட இழுப்பறைக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அக்கா தம் ஒரே மகளை, அதாவது என் மருமகளை, பஸ்ஸுக்கு ஓட விட்டதில்லை. அவள் மாடிப்படி ஏறி வந்ததும் கதவடியில் நிறுத்தி, பேசாமல், அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார். அவர் கண்டிப்பானவர் என்று அயலார் நினைத்தார்கள். தகப்பனின் இருதயம் மகளிடமும் இருக்கிறதோ என்று அவர் பயந்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

இந்நிலையில் மருமகளுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை கப்பற் கம்பெனியொன்றில் கணக்காளர். சாதகம் பொருந்தியது, மாப்பிள்ளைக்கும் பெண்ணைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் எங்கள் சமூகத்தில் சாதகம் பொருந்துவது விசாரணையின் தொடக்கமே தவிர முடிவன்று. பெண்ணின் பெரியப்பாவுக்கு ஈழை உண்டா, மாமிக்குச் சலரோகம் உண்டா என்று ஊர் உலகமெல்லாம் கேட்டறிவார்கள். அவ்வாறு கேட்டறிந்ததில், தரகர் ஒருநாள் வந்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னார்: "தகப்பன் நெஞ்சு வருத்தத்தில போனவராமே அம்மா. பரம்பரையோ எண்டு கேக்கினம். கொஞ்சம் யோசிக்கினம் போலக் கிடக்கு." செருப்பைக் கழற்றாத தரகர் இனி வரமாட்டார் என்பது வெள்ளவத்தையில் யாவரும் அறிந்த உண்மை.

அன்று மாலை அக்கா என்னை இருத்தி வைத்து விசாரித்தார். பரம்பரை என்றால் குடும்பத்தில் குறை. கிருமி என்றால் வெளியிலிருந்து வந்தது. வெளியிலிருந்து வந்ததற்குக் குடும்பம் பொறுப்பில்லை. இதுதான் அக்காவின் நிலைப்பாடு. வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்த தமிழர்கள் பொலிஸில் பெயர் பதிய வேண்டியிருந்த காலம் அது. "வெளியால வந்த நாங்கள் எல்லாரும் பொலிசில பதிஞ்செல்லோ இருக்கிறம். உந்தக் கிருமி மட்டும் எப்பிடித் தம்பி பதியாமல் உள்ளுக்க வந்திருந்தது?" என்று கேட்டார். நாங்கள் பெரும்பாலும் தேடும் வைரஸ் எதுவென்று கேட்டார். கொக்ஸாக்கி என்றேன். அது ஓர் ஊரின் பெயர் என்றும், அந்த ஊர் அமெரிக்காவில் இருக்கிறது என்றும் கூறினேன். அக்காவின் முகம் மலர்ந்தது.

"அமெரிக்காவோ? நல்லதாப் போச்சு. மாப்பிள்ளை வீட்டார் தங்கட மூத்த மகன் லண்டன், லண்டன் எண்டு கதைச்சுக்கொண்டு நிக்கினம்."

"அக்கா, இது பெருமைப்படுகிற விசயமில்லை."

"அதை விடு. அவரிட்டை அது இருக்கோ, இல்லையோ?"

விஞ்ஞானம் கற்ற எவரும் சொல்லக்கூடிய விடையைத்தான் நானும் சொன்னேன். கண்டால், இருக்கிறது என்று சொல்லலாம்; அதனாற்றான் இறந்தார் என்று சொல்ல இயலாது. காணாவிட்டால், இல்லை என்று சொல்ல இயலாது. காணவில்லை என்று மட்டுமே சொல்லலாம். "உனக்குப் பொம்பிளை பாக்கேக்கையும் நீ உப்பிடித்தான் கதைச்சனி. அதுதான் இன்னும் தனிய நிக்கிறாய்" என்றார் அக்கா.

அத்தானின் துண்டு எப்படியும் அந்த வரிசையில் பரிசோதிக்கப்பட இருந்தது. உறவுக்காக நான் முறையை மீறினேன் என்று எவரும் எண்ணக்கூடாது என்பதற்காக இதனைப் பதிவு செய்கிறேன். எங்கள் முறையில், தசையிலிருந்து எடுத்த சாற்றோடு கூடவே, வெறும் தூய நீர் மட்டும் கொண்ட ஒரு குழாயையும் எல்லாப் படிகளிலும் கொண்டுசெல்வோம். ஒப்பீட்டுக்காக வைப்பது அது. நீரில் கோடு தெரியக்கூடாது. தெரிந்தால் எங்கோ கலப்பு நேர்ந்திருக்கிறது, அன்றைய முடிவு முழுவதும் செல்லாது. அன்றைக்கு அத்தானின் குழாயில் தெளிவான கோடு தெரிந்தது. நீர்க் குழாயைப் பார்ப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. மறுநாள் பார்ப்போம் என்று பூட்டிவிட்டு, எவரிடமும் ஒரு சொல்லும் சொல்லாமல், அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சம்பலும். காலநிலை பற்றிப் பேசினேன். நாட்டு நிலைமை பற்றி, சுவருக்கும் காதுண்டு என்ற எச்சரிக்கையோடு, குறைவாகப் பேசினேன். ஆய்வுகூடம் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை.

மறுநாள் காலையில் நீர்க் குழாயைப் பார்த்தோம். நீரிலும் கோடு பளிச்சென்று தெரிந்தது. பணிப்பாளர் வழக்கமான சொற்களை உச்சரித்தார். இதனை எங்கள் தவறென்று நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. தவறு நேர்ந்தால் காட்டிக்கொடுப்பதற்கென்றே வைத்த நீர் காட்டிக்கொடுத்தது. முறை ஒழுங்காக இயங்கியது என்பதற்கு அதுவே சான்று. அந்த நிம்மதியோடு மாலையில் வெள்ளவத்தைக்கு வந்து பஸ்ஸால் இறங்கி, சந்திக் கடையில் வாழைப்பழம் வாங்க நின்றேன். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து, "ஐயா, கேள்விப்பட்டன். ஆள் பிடிபட்டுட்டாராம்" என்றார். அக்காலத்தில் கடைவாசலில் நின்று சொல்லக்கூடிய வசனமன்று அது. பக்கத்தில் தேங்காய் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தேங்காயை வைத்துவிட்டு மறுபக்கம் நடந்தார். "அதுதான் ஐயா, அமெரிக்கக் கிருமி" என்று கடைக்காரர் விளக்கினார்.

மாடிப்படியை நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அக்கா தரகருக்கும் சொல்லி, கொட்டாஞ்சேனைக்கும் தொலைபேசியில் அறிவித்திருந்தார். தரகர் மத்தியானம் வந்து செருப்பைக் கழற்றியிருந்தாராம்.

"நான் உங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லையே அக்கா."

"நீ எங்கை சொல்லுறது. ரெண்டாந்தரம் புட்டு வாங்கினனியெல்லே."

அக்கா சமையற்கட்டிலிருந்தே தொடர்ந்தார். "சின்னனிலயே நான் பாத்து வைச்சிருக்கிறன். சோதினை பிழைச்சால் ஒருக்காத்தான் சாப்பிடுவாய். நல்லாச் செய்தாத்தான் கோப்பையை நீட்டுவாய். கொலிஜில உனக்குப் பரிசு கிடைச்ச அண்டைக்கு மூண்டுதரம் வாங்கினனி. நேற்று நீ கோப்பையை நீட்டேக்க, உன்ர கண் சம்பலில இருந்தது. உனக்கே தெரியாமல் நீட்டினாய்."

நீரிலும் கோடு தெரிந்ததை நான் கூறினேன். முடிவு செல்லாது, திரும்பவும் செய்ய வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்றேன். அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். ஒரு கணம் அவருடைய கண் மகளின் அறைக் கதவுக்குப் போய் வந்தது. "அப்ப இல்லையோ?" என்று கேட்ட குரலில் சம்பந்தமும் இல்லை, தரகரும் இல்லை. தெரியாது என்றேன். வேறெதனையும் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. ஆனால் என் பெயரில் ஒரு பொய்யான முடிவு கொட்டாஞ்சேனையில் உலாவ விடுவதற்கும் எனக்கு உரிமை இருக்கவில்லை. நேரிற் சென்று திருத்துவதென்று தீர்மானித்தேன். அக்காவும் வருவதாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் பயற்றம் பணியாரம் சுட அடுப்பை மூட்டினார். திருத்தம் கூறப் போகிறவர்கள் பலகாரம் கொண்டுபோவதில்லை என்றேன். "நீ திருத்து, நான் பணியாரம் குடுக்கிறன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முச்சக்கர வண்டியிற் போனோம். வழிச்சோதனையில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று இளம் சிப்பாய் சிங்களத்திற் கேட்டான். ஓர் ஆய்வு முடிவின் செல்லுபடித்தன்மை தொடர்பாக, என்று நான் கல்லூரிச் சிங்களத்தில் தொடங்கினேன். சிப்பாய் பணியாரம் இருந்த அடுக்குச்சட்டியைத் திறக்கச் சொன்னான். "மல்லி, துவகே கசாத வெடக்" என்றார் அக்கா. தம்பி, மகளின் கலியாண விசயம் என்று பொருள். அவன் ஒரு பணியாரத்தை எடுத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்து நல்லது நடக்கட்டும் என்பதுபோலத் தலையசைத்து, எங்களை விட்டான். என் விளக்கம் அவனுக்கு ஒருபோதும் தேவைப்படவில்லை.

மாப்பிள்ளை வீடு கோயிலுக்கு அண்மையில் ஒடுக்கமான தெருவில் இருந்தது. தகப்பனார் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்; பேச்சில் கூர்மை உள்ளவர். தாயார் தேநீரோடு வந்து இருந்தார். கூடத்துச் சுவரில் மாலையிட்ட படங்கள் வரிசையாக இருந்தன. நான் எழுந்து நின்று, தொலைபேசியில் வந்த செய்தியை மீளப்பெறுவதாகக் கூறினேன்.

"ஏன் தம்பி, பிடிச்ச கிருமி ஓடிட்டுதோ?" என்றார் தகப்பனார்.

"இல்லை ஐயா. தண்ணியிலயும் கோடு தெரிஞ்சது."

"அப்ப தண்ணிக்கும் நெஞ்சு வருத்தமோ?"

"நீங்கள் சும்மா இருங்கோ" என்று தாயார் கலவரத்தோடு குறுக்கிட்டார். "எந்தத் தண்ணி தம்பி? பைப் தண்ணியோ? நாங்கள் குடிக்கிறதோ?"

அது ஆய்வுகூடத்துத் தூய நீர் என்று நான் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. தெளிவுபடுத்தத் தொடங்கியவன் ஒப்பீடு என்னும் தத்துவத்தையே விளக்கி முடித்தேன். நோயாளியின் இருதயத்தை மட்டும் பார்ப்பது விஞ்ஞானமாகாது. நோயற்றவரென்று கருதப்படுவோரின் இருதயத்தையும் அதே கண்ணோடு, அதே முறையிற் பார்க்க வேண்டும். அங்கேயும் அதுவே தெரிந்தால், இங்கே தெரிந்ததைப் பெரிதாக எடுக்க முடியாது. இவ்வாறு நான் கூறிக்கொண்டிருக்கையில் அக்கா நிமிர்ந்து இருந்தார்.

"அப்ப தம்பி, ரெண்டு பக்கமும் பாக்கவேணும். அதுதானே முறை?"

"ஓம் அக்கா. அதுதான் முறை."

அக்கா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். "இவர் ஆர்?" என்று முதற் படத்தைக் காட்டிக் கேட்டார்.

"என்ர ஐயா, என்னைப் பெத்தவர்" என்றார் தகப்பனார். "ஒரு வருத்தமும் இல்லாத மனிசன். சாய்மனைக் கதிரையில பேப்பர் வாசிச்சபடியே போனவர்."

"பக்கத்தில?"

"சித்தப்பா. தேர் இழுக்கப் போனவர். வடத்தில கை வைக்கேக்க விழுந்தவர். குடுத்து வைச்ச சாவு."

"அப்ப நல்ல வயசோ?"

"ஐம்பது வரேல்லை."

"மற்ற இளந்தாரி?"

"அண்ணர். கோட்டை ஸ்டேசனில ரெயினுக்கு ஓடினவர்..." தகப்பனார் வசனத்தை முடிக்கவில்லை. வரிசையை ஒருமுறை முதலிலிருந்து பார்த்தார். அவருடைய வலக்கை, அவர் அறியாமலே, சட்டைப் பையின்மேற் போய் அமர்ந்தது.

தாயார் முதலில் சேலைத் தலைப்பால் வாயை மூடினார். முதலில் சேலைத் தலைப்பால் வாயை மூடினார். பிறகு மூடியும் பயனில்லாமற் போயிற்று. "இஞ்சேருங்கோ, இவ்வளவு காலமும் உங்கட ஆக்கள் எல்லாரும் வருத்தமில்லாமல் போனவை எண்டெல்லோ நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்" என்று சிரித்தார். தகப்பனாரும் கடைசியிற் சிரிக்க வேண்டியதாயிற்று. "தம்பி, எங்கட ஐயாவை உங்கட மெசினில ஒருக்காப் பாக்கேலாதோ?" என்று கேட்டார். தகனம் செய்தவர்களைப் பார்க்க இயலாது என்று வருத்தத்தோடு தெரிவித்தேன். "அப்ப சரி. சாதகமும் பொருந்தியிருக்கு, நெஞ்சும் பொருந்தியிருக்கு" என்று அவர் பணியாரத்தை எடுத்தார். மரபியல் கற்றவன் என்ற முறையில், இரு பக்கமும் ஒரே குறை இருப்பது பொருத்தமாகாது, இரட்டிப்பு அவதானம் தேவை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா என் காலை மிதித்தார். ஆயினும் நான் விட்டுவிடவில்லை. கலியாணத்துக்கு முன் இருவரையும் இருதய மருத்துவரிடம் அனுப்பினேன். இருவரின் இருதயமும் அன்றைக்கு நன்றாக இருந்தது என்று அவர் கூறினார். அன்றைக்கு என்ற சொல்லை நான் சேர்த்தேன்; அக்கா நீக்கிவிட்டுத்தான் கொட்டாஞ்சேனைக்கு அறிவித்தார்.

கலியாணம் நடந்த பிறகுதான் பரிசோதனையைத் திரும்பச் செய்ய முடிந்தது. வேறு அறை, புதிய கரைசல்கள், எல்லாம் வேறு. நீரிற் கோடு இல்லை. விபத்தில் இறந்த ஒருவரின் நோயற்ற இருதயத் துண்டிலும் கோடு இல்லை. அத்தானின் துண்டில் இருந்தது. மங்கலாக, ஆனால் ஐயத்துக்கிடமில்லாமல். அன்று மருமகள் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து அக்காவோடு இருந்தாள். இம்முறை நான் தட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே, எல்லா நிபந்தனைகளோடும், முறைப்படி முடிவை அறிவித்தேன். சுவடு உண்டு, அதுவே காரணமென்று உறுதியாகச் சொல்வதற்கில்லை, எனினும் அப்படி எண்ண இடமுண்டு. அக்கா புட்டை உதிர்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அது எனக்கு நீ ரெண்டாந்தரம் புட்டு வாங்கின அண்டே தெரியும்" என்றார்.

சற்று நேரத்தில் மருமகள் புறப்பட்டாள். நாங்கள் யன்னலில் நின்றோம். அவள் ஒழுங்கையின் நடுவில் வழக்கம்போல ஆறுதலாக நடந்துகொண்டிருக்கையில் காலி வீதியில் பஸ் வந்து நின்றது. அக்கா யன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளவத்தை முழுவதும் கேட்கும் குரலில் கூப்பிட்டார். "ஓடு பிள்ளை. பஸ் வெளிக்கிடப் போகுது. ஓடு." அவள் திகைத்துத் திரும்பிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் ஏறும்வரை அக்கா கம்பியை விடவில்லை. இந்த வைரஸ்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகளை எவர் வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் அவற்றை இவ்வாறு வாசித்தார் என்பதை மட்டும் கண்ணாற் கண்டேன்.

அக்கா பின்னர் மகளோடு கனடாவுக்குப் போய், அங்கேயே காலமானார். போகும்போது நீலக் கரைத் தட்டை என்னிடம் தந்துவிட்டுப் போனார். இப்போது வெள்ளவத்தையில் கடல் தெரியாதபடி மாடிகள் எழுந்துவிட்டன. அவற்றுள் ஒன்றில் நானும் இருக்கிறேன். கடந்த மாதம் என் கால்கள் சற்று வீங்கின. இருதயத்தைப் படம் பிடித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், இன்னும் சில பரிசோதனைகள் செய்தார்கள். முடிவு அடுத்த வாரம்தான் வரும். விடுமுறைக்கு வந்திருந்த மருமகள் முந்தாநாள் கனடாவுக்குத் திரும்ப இருந்தாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கு. புறப்படுமுன் மத்தியானத்துக்குப் புட்டு அவித்து, அலுமாரியிலிருந்து அந்தத் தட்டைத் தேடி எடுத்து, எனக்குப் பரிமாறினாள். டொக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. எதிரே இருந்து, தண்ணீர்க் குவளையைத் துடைப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

எனக்குப் பசி இருக்கவில்லை. உடைந்த சில்லு என் பெருவிரலில் பட்டது. முடிவு கைக்கு வரவில்லை. நீர்க் குழாயையும் எவரும் இன்னும் பார்க்கவில்லை. இந்நிலையில் எதனையும் வெளியிடுவது என் வாழ்நாட் கொள்கைக்கு முற்றிலும் விரோதமானது. இரண்டாந்தரம் தட்டை நீட்டினேன்.

மருமகள் குனிந்து புட்டை வைத்தாள். வைத்து முடிக்க அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது.

"சம்பலும் வைக்கட்டோ மாமா?" என்றாள்.

வைக்கச் சொன்னேன்.